பேனலுக்கு முன்னால் இடமில்லை

பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் அந்த ஆலையில் எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பொசுக்கென்று கோபம் வரும். வந்த வேகத்தில் அடங்கியும் விடும். அவனை அங்கே சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன், ஆலையின் ஸ்டோர்கீப்பர். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தன. அதனால் ஆலையில் மூளும் சண்டை சாப்பாட்டுத் தட்டு வரை வரும்.

சண்டையெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் அறையைப் பற்றித்தான். அங்கிருக்கும் மின்சாரப் பேனலின் கதவை முழுக்கத் திறந்து, ஆள் தாராளமாக நின்று வேலை பார்க்க இடம் விட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆபத்து என்றால் தப்பித்து ஓட, பின்பக்கம் இன்னொரு கதவும் உண்டு. ஆனால் ஆர்டர் குவியக் குவிய ஸ்டோர் கொள்ளவில்லை. பேனலுக்கு முன்னால் அட்டைப்பெட்டிக் கட்டுகள் ஏறின. பின்கதவுக்கு வெளியே டிரம்கள் வந்து உட்கார்ந்தன. ஃபியூஸ் காலையில் தள்ளி வைத்தால் மதியத்துக்குள் திரும்ப வந்துவிடும். மேனேஜரிடம் போனால், இந்த லோடு போகட்டும் என்பார். மச்சானிடம் கத்தினால், "என் தலையிலயா மாப்ள தூக்கி வெச்சுக்கறது?" என்பார். யோசித்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஒரு முற்பகலில் அந்த அறையிலிருந்து 'டப்'பென்று சத்தம் வந்து ஆலை மொத்தமும் நின்றது. கூடவே மெஷின் பக்கமிருந்து அலறல். மூடிக்கொண்டிருந்த அச்சில் ஒரு பெண்ணின் விரல்கள் மாட்டிய நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. அச்சு திறக்கக் கரண்ட் வேண்டும்.

கட்டுகளை இறக்கிவிட்டுத்தான் பேனலைத் தொட வேண்டும். ஃபியூஸுக்கு அது தெரியாததல்ல. அந்த அலறலைக் காதில் வாங்கிக்கொண்டு எப்படிப் பெட்டி இறக்குவது? ஒருக்களித்து உடம்பை நுழைத்தான். பேனல் கதவு ஒரு சாண் திறந்தது. அதற்குமேல் கட்டுகள் விடவில்லை. உள்ளே கருகிக் கிடந்த கேபிள் அவன் கண்ணில் படவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கரைப் போட்டான்.

கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். முகமும் கையும் வெந்துபோயின. அட்டைகள் பற்றிக்கொண்டு, வந்த வழி நெருப்பாகிவிட்டது. தரையோடு தவழ்ந்து பின்கதவை எட்டித் தள்ளினான். அசையவில்லை. தோளால் முட்டினான், காலால் உதைத்தான். கடைசியில் வாயில் வந்தது ஒரே சொல்தான்: "மச்சான்..."

வெளியே டிரம் உராயும் சத்தம் கேட்டது. "மாப்ள, பேசிக்கிட்டே இரு. நிறுத்திடாத," என்ற குரல் மூச்சிரைத்தது. பேசத்தான் பார்த்தான். புகை தொண்டையை அடைத்தது.

கதவு திறந்தது அவனுக்குத் தெரியாது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தப் பெண்ணை மெக்கானிக் அச்சின் போல்ட்டுகளைக் கழற்றித்தான் மீட்டாராம். இரண்டு விரல் போயிற்றாம். அவனுக்கு வலது கை இனி மடங்காது, ஒரு கண்ணில் வெறும் நிழல்தான் தெரியும் என்றார் டாக்டர்.

தினமும் மச்சான்தான் வந்து கஞ்சி ஊட்டினார். இப்போதாவது அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டான்.

மச்சான் கரண்டியைக் கீழே வைத்தார். "கொஞ்ச நாள் இருந்துச்சு. நேத்து மறுபடி பெட்டிய ஏத்தச் சொன்னாங்க. முடியாதுன்னு சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்."

இரண்டு வீட்டிலும் இனி அடுப்பு எப்படி எரியும் என்றுதான் ஃபியூஸுக்கு முதலில் தோன்றியது. "அவசரப்பட்டுட்டீங்களே மச்சான்," என்றான். பிறகு, புது எலக்ட்ரீஷியன் யார் என்று விசாரித்தான். வெளியூர்க்காரராம், சாதுவாம், சொன்னதைச் செய்வாராம்.

ஃபியூஸ் எழுந்து உட்காரத் தவித்தான். "அவர் நம்பர் இருக்கா? போடுங்க. பெட்டிய இறக்காம பேனலத் தொடாதீங்கன்னு சொல்லணும்."

மச்சான் போனை அவன் காதில் வைத்துப் பிடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போடச் சொன்னான்.