எடைக்கு எடை

துணிக்கடைக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, நின்ற இடத்திலேயே செங்குத்தாக எழும்பும் குட்டி விமானங்கள் பக்கத்து நகரத்துக்குப் பறந்தன. ஏறுகிறவர்களைப் பையோடு நிறுத்தி எடை பார்த்து, யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. தராசு அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊரார் எடையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் எடையைப் பற்றி மட்டும் கட்டிய கணவரிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அவரோ அதே இரண்டு நகரங்களுக்கு நடுவே பஸ் ஓட்டுகிறவர். சாலை நெரிசலில் அவருக்குப் பாதி நாள் போய்விடும்.

"உங்க தட்டாம்பூச்சி கொஞ்சம் காத்தடிச்சா படுத்துடும். என் வண்டி எப்படியும் போய்ச் சேரும்" என்று சாப்பிடும்போது வம்புக்கு இழுப்பார்.

"சேரும், சேரும். இன்னைக்கே சேருமா?" என்று அவளும் விடமாட்டாள். இத்தனை வாயடித்தாலும் அவள் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை.

ஒரு நாள் காலை ஒரே ஒரு பயணி வந்தார். ஆள் மலை மாதிரி இருந்த மரவியாபாரி. மகள் பள்ளி நாடகத்தில் நடிக்கிறாளாம், தவிப்பாய்த் தவித்தார். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கத்துக்குச் சமஎடை வேண்டும். அதற்கான மணல் மூட்டைகளோ முந்தின விமானத்தோடு பக்கத்து நகரத்திலேயே தங்கிவிட்டன. விமானம் ஓட்டும் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை தராசு அக்காவிடம் வந்து நின்றது.

"அக்கா, நீங்க வாங்களேன்."

"ஏம்மா, என்னைப் பாத்தா மூட்டை மாதிரியா இருக்கு?"

வாய்தான் அப்படிக் கேட்டது. கால்கள் அதற்குள் எடைமேடைப் பக்கம் போய்விட்டன. மேலாளரும் போனில் சரி என்றார். அவள் ஏறி நின்று, எண் தெரியும் இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். வியாபாரி பெரிய மனது பண்ணிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எடையைக் காதோடு காதாகக் கேட்ட ஓட்டுநர்ப் பெண் துள்ளிக் குதித்தாள். "அளந்து வச்ச மாதிரி இருக்கீங்க அக்கா!"

தன் எடையை யாரும் மெச்சி அவள் கேட்டதில்லை. முகமெல்லாம் பூரித்துப் போனது.

விமானம் எழும்பியது. கண்ணை இறுக மூடியவள், வியாபாரி "பயமா இருக்கும்மா" என்று முனகியதும் சிரித்துவிட்டாள். கீழே சாலை நெடுக பஸ்கள் எறும்பு வரிசையாய் நின்றன. எது கணவர் வண்டி என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் கையசைத்தாள்.

திரும்பும் விமானத்தில் இடமில்லை. அவளுக்கு அதுவும் வசதியாய்ப் போயிற்று. நேரே பஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி இறங்கிய கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உன்னை வீட்டுலதானே விட்டுட்டு வந்தேன்!"

"ஆமா. ஏங்க இவ்வளவு லேட்டு?"

விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் ஓடி வந்தார். ஊருக்குத் திரும்பும்போது முன் இருக்கையை அவளுக்கே கொடுத்தார்கள். வழியெல்லாம் அவள் கதை சொன்னாள். நெரிசலில் வண்டி நின்றபோதெல்லாம் கண்டக்டர் டிக்கெட்டை மறந்து, "அப்புறம் என்ன ஆச்சு அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.