செல்லையாவின் இடப்பக்கம்

தோட்டத்து டிரஸ்ஸர் வேலை பார்த்தவர்களே, நம் பாடு நமக்குத்தான் தெரியும்: பல்வலிக்கும் பிரசவத்துக்கும் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் வைத்தியம் பார்க்க ஒரே ஆள், அந்த ஆளிடம் இருப்பதோ ஒரு டார்ச்லைட்டும் நாலு மாத்திரை டப்பாவும். எண்பதுகளில் மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

டார்ச்லைட் பரிசோதனை

செம்பனைப் பழக்குலை வெட்டும் செல்லையாவுக்குப் பின்மண்டையில் குலை விழுந்து பலத்த அடி. ஆஸ்பத்திரியில் காயம் ஆறித் திரும்பியவர், இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை என்று என்னிடம் வந்தார். நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, இடப்பக்கத்தில் டார்ச்சை அடித்து உடனே அணைத்தேன். இரண்டு கண்ணும் டக்கென்று அந்தப் பக்கம் போயின. இன்னொரு தடவை அடித்தேன், அப்போதும் போயின.

நம் பரிசோதனைதான் தெரியுமே. கண் திரும்பினால் பார்வை இருக்கிறது, முடிந்தது கதை. 'இரு பக்கமும் பார்வை சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். செல்லையா வாக்குவாதம் செய்யவில்லை. எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா" என்றார்.

மண்டோரின் ஆராய்ச்சி

என் சீட்டை நம்பி அவரை மறுபடி குலை வெட்ட அனுப்பினார்கள். இடப்பக்க வாய்க்காலில் இரண்டு தடவை விழுந்தார். ஒருநாள் லோரியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினார். இனி வெட்டுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

வெட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குச் சந்தேகம். இடப்பக்கத்திலிருந்து தன் தொப்பியை வீசிப் பார்த்தார். செல்லையா தலையைச் சாய்த்துத் தப்பித்துக்கொண்டார். அது போதாதா? மாத முடிவுக்குள் வெட்டுக்குத் திரும்பாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. மண்டோர் என்னிடமே வந்து சொன்னார்: "கண்ணு தெரியாதவனுக்குத் தொப்பி மட்டும் எப்படித் தெரியும்? நடிக்கிறான்லா."

மீன்கறி

மறுநாள் செல்லையாவின் மனைவி பாக்கியம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவருக்கு இடப்பக்கமா சும்மா உக்காந்திருந்தா, எங்க போனேன்னு என்னையே கேக்குறாரு. கொசு வெரட்டக் கைய வீசினாத்தான் திரும்புறாரு. என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலையோன்னு அழுதுட்டேன் ஐயா" என்றாள்.

என் சீட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் போகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் கௌரவம் விடுமா? ஒருவேளை நடிக்கிறாரோ என்று இழுத்தேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "நடிக்கத் தெரிஞ்ச மனுசனா இருந்தா, எங்கம்மா வச்ச மீன்கறிய ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருப்பாரு ஐயா."

கேட்காத கேள்வி

இருவரையும் கோலாலம்பூரில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவரும் இடப்பக்கத்தில் டார்ச்சைத்தான் அடித்து அணைத்தார். ஆனால் "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரியலம்மா." "பரவால்ல, வெளிச்சம் எங்க வந்திருக்கும்னு குத்துமதிப்பா கைய நீட்டுங்க." பத்துக்கு எட்டு தடவை சரியாக நீட்டினார். செல்லையாவே பயந்துபோனார்.

டாக்டரம்மா விளக்கினார். 'இது இன்னது' என்று நமக்குத் தெரியவைப்பது பின்மண்டைப் பக்கத்து மூளை, அங்கேதான் அடி. ஆனால் கண்ணிலிருந்து ஒரு கிளைப் பாதை நடுமூளைக்கும் போகிறது. அங்கே பட்டாணி அளவில் இரண்டு மேடுகள், பூனைக்கும் எலிக்கும்கூட உண்டு. அசைந்தது என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. எங்கே என்று மட்டும் தெரியும். கண்ணையும் தலையையும் அந்தப் பக்கம் திருப்பிவிடும். செல்லையா தனக்கே தெரியாமல் திரும்புகிறார். பிறகு நான் கொண்டுபோயிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். யார் எழுதியது என்றார். நான்தான் என்றேன். "கண்ணு திரும்புறதப் பாத்திருக்கீங்க. ஆளக் கேக்கவே இல்லையே."

மன்னிப்பு

மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். கத்தினார், எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. செல்லையாவுக்கு நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது, வீடும் தங்கியது.

மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன். என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவரின் இடப்பக்கம் பாக்கியம் வந்து உட்கார்ந்து, வளையல் சத்தம் வராமல் கையை மெல்ல ஆட்டினாள். பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார், சிரித்தார். கை ஆட்டியது தெரிந்ததா என்று இந்தத் தடவை கேட்டேன். "அது தெரியல ஐயா. ஏன்னு தெரியாமலே கண்ணு அந்தப் பக்கம் போவுது. போனா, அங்க இவ இருக்கா."

ஆக, தலையில் அடிபட்டது செல்லையாவுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கத் தெரியாமல் போனது எனக்கு.