நான் சொல்லக் கூடாத ரிப்போர்ட்

இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ரேடியோகிராபராக இருந்தேன். சிடி ஸ்கேன் எடுப்பது என் வேலை. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது டாக்டரின் வேலை. பதினெட்டு வருட சர்வீஸில் இந்த வித்தியாசம் எனக்கு மறந்துபோயிருந்தது.

லிந்துலைப் பக்கம் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சரஸ்வதி, மலையிலேயே வலிப்பு வந்து விழுந்து ஸ்கேனுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மூளையின் இடது முன்பக்கத்தில் பெரிய கட்டி. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரிந்தது. கட்டி அப்படித் தெரிந்த நோயாளிகள் பலர் ஒரு வருடம் தாண்டாததைக் கண்டிருக்கிறேன். கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. பார்த்தேன், பொருட்படுத்தவில்லை.

வெளியே அவர் கணவர் முருகையா என்னைப் பிடித்துக்கொண்டார். வார்டு டாக்டருக்குத் தமிழ் தெரியாது.

"ஐயா, கண்டிக்குப் போயி ஆப்பரேசன் பண்ணணுங்கிறாங்க. தலையத் தொறந்தா பொழைக்குமா? உண்மையச் சொல்லுங்க."

அவரை டாக்டரிடம் அழைத்துப்போய் மொழிபெயர்த்திருக்கலாம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் முன் எல்லாம் தெரிந்தவனாக நிற்பது பிடித்திருந்தது.

"மோசமான கட்டிங்க. ஆப்பரேசன் பண்ணினாலும் ஒரு வருசந்தான். வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்குங்க."

முருகையா கும்பிட்டுவிட்டு, மனைவியைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்து சரஸ்வதியை மறுபடி கொண்டுவந்தார்கள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. புதிதாக வந்திருந்த தமிழ் டாக்டரம்மா, முருகையாவோடு உட்கார்ந்து பேசி, கண்டிக்கு அனுப்பினார். அங்கே கட்டியை எடுத்து, அதிலொரு துண்டை மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னிடம் காட்டினார்.

"ரெண்டு குரோமோசோம்ல ஒவ்வொரு பகுதி இல்ல. இந்த வகைக் கட்டி சிகிச்சைக்கு நல்லாக் கேக்கும். பல வருசம் இருப்பாங்க. சுண்ணாம்புப் புள்ளி இதுக்கு ஒரு அறிகுறிதான். படத்த மட்டும் வச்சு வகையை உறுதியாச் சொல்ல முடியாது. இவங்க ஏன் முதல்லயே போகல?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கேன் அறைக்குள் போய்விட்டேன். முருகையாவும் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து சரஸ்வதிக்குப் பேச்சு திரும்பியது. கை திரும்பவில்லை. கொழுந்து பறிக்க இனி முடியாது. ஒரு கிளினிக் நாளில் இருவரிடமும் போனேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. அதச் சொல்ற உரிமையும் எனக்கில்ல."

முருகையா தலைகுனிந்தார். நான் அன்று சொன்னது சரஸ்வதிக்கு அதுவரை தெரியாது. கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"கட்டி என் தலையிலதானுங்களே இருந்துச்சு. எங்கிட்ட ஏன் ரெண்டு பேருமே ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அன்று பிற்பகலே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: "எனக்குத் தெரியாதுங்க, வாங்க டாக்டர்கிட்டக் கேப்போம்" என்று சொல்லப் பழகுங்கள். அதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.