பெயர் சொல்லி ஜெபித்த வெள்ளிக்கிழமை

ஒன்றரை வருடம் என் ஒரே தங்கை என்னோடு பேசவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்பினேன். பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது. அதை மேசையில் வைத்துக்கொண்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. "எவ்வளவு பெருமை அவளுக்கு!" என்று சொல்லிக்கொண்டு வெட்டிச் சாப்பிட்டேன்.

என் பெயர் கிறேஸ். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். தங்கையும் அவள் கணவரும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது வாசிக்க விளங்கும்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலைகளில் உபவாச ஜெபம் நடக்கும். ஜெபக்குறிப்புகளைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். அதில் எனக்கு நல்ல பேர். கிறேஸ் அக்கா ஜெபித்தால் கல்லும் கரையும் என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

தங்கையின் கணவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஆண்டவருடைய கிருபையால் ஏழு மாதம் தொடாமல் இருந்தார். எங்கள் சபையில் ஞாயிறு காலைகளில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காகவே இரண்டு வெள்ளைச் சட்டை தைத்தார். ஆராதனைக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் எடுத்து வந்துவிடுவார்.

ஒரு புதன்கிழமை சறுக்கிவிட்டார். தங்கை என்னைக் கூப்பிட்டு அழுதாள்.

"அக்கா, உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன். ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. அவர் வெட்கத்தில சாப்பிடவும் இல்லை."

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பதினெட்டுப் பேர் நடுவில், சத்தமாக, அவருடைய பெயரைச் சொல்லி.

ஞாயிறு வாசலில் ஒவ்வொருவராக அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்களாம். ஒருவர் கைகுலுக்குகிற சாட்டில் கிட்ட வந்து, குடித்திருக்கிறாரா என்று மணந்தும் பார்த்தாராம். அவர் பாட்டுப்புத்தகங்களைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு சபைப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் சறுக்கினவர் தினமும் குடிக்கத் தொடங்கினார்.

தங்கை கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள். "நீங்க கடவுளிட்டக் கேக்கேல்லை அக்கா. சனத்துக்குச் சொன்னனீங்க." அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

அவர் நல்லதுக்குத்தானே ஜெபித்தேன் என்று நான் ஊரெல்லாம் நியாயம் சொன்னேன். வெள்ளிதோறும் தங்கையின் பெருமையை உடைக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடினேன்.

அது பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு எட்டுப் பேர்தான் நடந்து வந்திருந்தார்கள். பாமன்கடையிலிருந்து வரும் சகோதரி முழங்காலில் நின்று ஜெபித்தா.

"ஆண்டவரே, எங்கட கிறேஸ் அக்காவின்ர பெருமையை உடையும். சொந்தத் தங்கச்சியோட ஒன்றரை வருஷமாக் கதை பேச்சில்லை, அப்பா. அவவுக்கு இரங்கும்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது. என் வீட்டில், என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, என் கதையையே! போகும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனா. அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் அழுதேன். அது மனந்திரும்புதல் இல்லை; மானம் போன அழுகை. மூன்றாம் நாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தானே நின்றிருப்பார்? எனக்கு எட்டுப் பேர் முன்னால், என் வீட்டில். அவருக்கு ஒரு சபை முழுவதுக்கும் முன்னால், வாசலில்.

அதன்பிறகு வந்த அழுகை வேறு. அதில் நான் இல்லை, அவர் இருந்தார். குசினித் தரையிலேயே முழங்காலில் விழுந்தேன். எத்தனையோ வருடம் அழகழகாக ஜெபித்த வாயில் ஒரு சொல்தான் வந்தது. "ஆண்டவரே, நான்தான்." வெகுநேரம் கழித்து இன்னொன்று கேட்டேன். "அந்த வீட்டுக் கதவைத் திறந்துதாரும்."

அடுத்த நாள் காலையில் ரயிலில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். பஸ் இல்லை. வெயிலில் கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். டீச்சர் அல்லவா, வழியெல்லாம் பேச வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் அவர்தான். பாடமாக்கினது எல்லாம் பறந்துவிட்டது. 'நல்லதுக்குத்தான்' என்ற சொல் மட்டும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"தம்பி, நான் உங்களுக்குப் பெரிய பிழை செய்தனான். மன்னியுங்கோ."

அவர் புழுதி படிந்த என் காலைப் பார்த்தார்.

"கோட்டையிலிருந்து நடந்தே வந்தனீங்க?"

"ஓம்."

"உள்ளுக்கு வாங்கோ, மச்சாள்."

தங்கை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்தாள். நான் குடித்து முடிக்குமுன் என் மடியில் தலை வைத்து அழுதாள்.

அப்போதுதான் அறிந்தேன். அவர் குடியை விட்டு ஐந்து மாதமாம். என் ஜெபம் ஒன்றும் அங்கே போய்ச் சேரவில்லை. என் தங்கை அடுப்படியில் நின்று, வாய் அசையாமல், ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். ஆண்டவர் அதைக் கேட்டிருக்கிறார்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "எனக்காக ஜெபிக்கிறதை விட்டிடாதேங்கோ, மச்சாள். ஆனா மெதுவா ஜெபியுங்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை என் பிழையை எல்லாருக்கும் முன்னால் அறிக்கையிட்டேன். பாமன்கடைச் சகோதரியைக் கட்டிப்பிடிக்க மட்டும் எனக்கு இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. இன்று அவர் திரும்பவும் சபை வாசலில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே போகும்போது நான் அவர் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு வரியை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன்.

அன்பானவர்களே, யாரையாவது உடைக்கும்படி நீங்களும் வருடக்கணக்காக ஜெபித்துக்கொண்டிருக்கலாம். ஒரு நாளைக்கு அந்தப் பெயரைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான்" என்று சொல்லிப் பாருங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார். மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்களுடைய பெயரும் விலாசமும் ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும்.