கந்தோருக்கு ஒரு நல்ல நேரம்

ரவூப் நானா வெற்றிலைக் கட்டை இரண்டு கைகளாலும் நீட்டிக்கொண்டு கிராமசேவகரின் மேசை முன் குனிந்து நிற்கிறார். நீட்டிய வெற்றிலையை வாங்க மறுக்கும் துணிவு இந்தப் பக்கத்தில் எவருக்கும் கிடையாது. வாங்கினால் அழைப்பை ஏற்றதாக அர்த்தம். "வியாழக்கெழம பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு நெகத் மாத்தயா, நல்ல நேரம். மரியாயிட ஊட்டுக்குக் கல்லு வைக்கிறோம். நீங்க இல்லாம நல்லாவா ஈக்கும்?"

கிராமசேவகர் வெற்றிலையை வாங்கிக்கொள்கிறார்.

நானா பலாபத்வலைச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பழைய ஒஸ்டின். பின்கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். "அது நல்லம். ஏறின ஆபிசர் நடுவுல எறங்க ஏலாதே!" என்பார்.

வீட்டு அனுமதிக்காக அலைகிறவர்களுக்கு அந்தக் கார்தான் கதி. இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் கட்ட மூன்று கையெழுத்து வேண்டும். கிராமசேவகர் கட்டட வேலை பார்க்கும் ஓவசியரைக் காட்டுவார், ஓவசியர் சுகாதாரப் பரிசோதகரைக் காட்டுவார், அவர் திரும்பக் கிராமசேவகரையே காட்டுவார். மாடி பங்களா கட்டுகிறவரின் வீட்டு வாசலுக்கு இந்த மூவரும் தாமாகவே போய்க் கையெழுத்திட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஏழைக்கு மட்டும் சட்டம் செக்குமாடாகச் சுற்றுகிறது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து விரட்டப்பட்ட மரியாயி, மாதா கோயில் சாமியார் கொடுத்த துண்டுக் காணியில், மூன்று பிள்ளைகளோடு தகரச் சாய்ப்புக்குள் இருக்கிறாள். ஐப்பசி மழைக்கு அது தாங்காது.

"சட்டத்துக்குப் பயப்படாதவனெல்லாம் ராகு காலத்துக்குப் பயப்படுறான்" என்பது நானாவின் கண்டுபிடிப்பு. ஆகவே முதலில் கல் வைக்க நேரம் குறித்துவிடுவார். அனுமதியில்லாமல் கல் வைக்க முடியாது. நேரத்தைத் தவறவிட்ட பழியை ஏற்கவும் எவரும் துணியார். மூவரும் ஒரே காரில் வந்து, ஒரே இடத்தில் கையெழுத்திட்டே ஆகவேண்டும்.

"நாங்க வேதக்காரங்க நானா, எங்களுக்கு எதுக்கு நேரம்?" என்று மரியாயி கேட்டாள்.

"ஒனக்கில்ல தங்கச்சி, கந்தோருக்கு. அந்த ஆபிசர்மாருக்கு."

"நேரம் பார்த்த சோதிடர் யார்?" என்று நான் கேட்டேன்.

"நான்தான். கந்தோர்ல தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சு, சோத்துக்கு எழும்ப முந்தின நேரம். அதவிட நல்ல நேரம் வானத்துல இல்ல."

மூடநம்பிக்கைக்கு எதிராக மேடைதோறும் தொண்டை வறளப் பேசியவன் நான். அதையே செங்கல்லாக்கி வீடு கட்டும் மனிதரை என்ன செய்வது? சிரித்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் மரியாயியின் காணியில் காத்திருக்க, மூவரையும் ஏற்றிக்கொண்டு கார் வந்து சேர்ந்தது. கிராமசேவகரும் ஓவசியரும் காரின் முன்மூடியில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் கணபதி மட்டும் காணியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். "கக்கூஸ் குழி கெணத்துக்குக் கிட்ட இருக்கு. திருத்தி, மறுபடி மனுப் போடுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மறுபடி மனு என்றால் மழை முந்திவிடும். மரியாயி குழிக்கு அடித்திருந்த முளையைப் பிடுங்கிப்போய், வேலியோரத்தில் கல்லால் அறைந்தாள்.

"இங்க சரியாங்க ஐயா? இன்னும் தள்ளுன்னா பக்கத்துக் காணிக்காரருதான் வேலிய வெட்டணும்."

ஓவசியர் வாய்விட்டுச் சிரித்தார். கணபதி நாடா பிடித்து அளந்தார். தூரம் சரியாக இருந்தது. பேனாவை எடுத்தவர் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அடடா, நேரம் தாண்டிருச்சே! கெட்ட நேரத்துல கையெழுத்து வைக்கக் கூடாது. இன்னொரு நாள் பாப்போம்."

பேனாவுக்கு மூடி போட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற நானா தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி, திருகை நகத்தால் இழுத்து, முள்ளைப் பின்னுக்குத் தள்ளியதை நான் மட்டும் கண்டேன்.

"ஒங்கட மணிக்கூடு முந்தி ஓடுது ஐயா. இது ரேடியோவுக்கு வச்சது. இன்னும் மூணு நிமிஷம் ஈக்கி."

கடிகாரத்தைத் தாளின்மேல் வைத்தார். கணபதி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நானா அவர் கையிலிருந்த பேனாவின் மூடியைத் தாமே கழற்றினார்.