ஆட்டு மூளையும் ஒரு வாய்க் கஞ்சியும்

சமையலறைக் கதவைக் கீல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றாள் என் மனைவி சரோஜா. வருடக்கணக்காக அவள் திறந்து மூடிய கதவு. "வெளிய பூட்டிட்டீகளா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். சில நாட்களில் தட்டின் இடப்பாதியில் இருந்த சோறு அவள் கண்ணில் படவில்லை. சிரிப்பு நின்றது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வருவாய்த் துறையிலிருந்து ஓய்வுபெற்றுத் தேனியில் குடியிருந்தேன். எந்த மனுவை எந்த மேசையில் கொடுத்தால் நகரும் என்பது எனக்கு அத்துப்படி. நோய்க்கும் அப்படியொரு மேசை இருக்கும் என்று நம்பினேன்.

முதல் மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி எழுதினார். அடுத்தவர் மாதவிடாய் நிற்கும் காலத்து மனச்சோர்வு என்றார். மூன்றாமவர் முன்னிருவரின் சீட்டையும் படித்துவிட்டு இரண்டுக்கும் மருந்து எழுதினார். 'மேலே கண்டவாறு ஏற்கலாம்' என்று குறிப்பெழுதும் ஆட்களை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையே சரோஜாவின் தங்கை பேச்சியம்மாள் ஜெயமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். மறதிக்கு ஆட்டு மூளை நல்லது என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். மிளகு தட்டிப்போட்டு வதக்கி, தூக்குவாளியில் கொண்டுவந்து அக்காளுக்கு ஊட்டினாள். மிச்சம் எனக்கு.

கைகால்கள் தானாக வெட்டி இழுக்கத் தொடங்கியதும் மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளை மின்னலைப் பதிவு (தலையில் கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின்துடிப்பைத் தாளில் வரைவது) எடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் (மூளை கடற்பஞ்சுபோல் துளைபட்டுப்போகும் அரிய நோய்) என்றார். மெல்ல வேலை செய்யும் வைரஸ்தான் காரணம் என்று அப்போது நினைத்தார்கள். பிரியான் (தானும் வடிவம் பிறழ்ந்து, பக்கத்தில் உள்ளதையும் பிறழவைக்கும் புரதம்) என்ற சொல் எங்கள் ஊர்வரை வர வெகுகாலம் ஆயிற்று.

"மருந்து?"

"இல்ல சார்."

"இதுக்கு மேல எங்க அனுப்புவீக?"

"இதுக்கு மேல ஆபீஸ் கிடையாது சார். செம்மறியாட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வருது. அதுக்கும் மருந்து இல்ல."

பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

என் கரண்டியைக் கண்டால் சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். தங்கை ஊட்டினால்தான் விழுங்குவாள். இல்லாவிட்டால் மூக்கு வழியே குழாய்தான் என்றார் உள்ளூர் மருத்துவர். ஜெயமங்கலத்துக்குப் போனேன்.

"ஆட்டு மூளைய ஆக்கிப்போட்டுக் கெடுத்தவ நாந்தான மச்சான். டாக்டரே சொன்னாகளே."

"அவ கதவ மாத்தித் தள்ளுனது முந்தி. நீ ஆக்குனது பிந்தி. ஆட்டுலருந்து மனுசருக்கு வந்ததா ஆதாரம் இல்லைன்னு டாக்டர்ட்ட திரும்பக் கேட்டுட்டு வந்திருக்கேன்."

"தாசில்தார்ட்ட பேசுற மாதிரி எங்கிட்ட பேசாதீக."

"தூக்குவாளிய வழிச்சுத் தின்னவன் நானு. எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"மூளை இருக்கிறவுகளுக்குத்தான ஆகும்."

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். பிறகு சேலை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

அவள் விரலால் கஞ்சியை நாக்கில் தடவ, சரோஜா விழுங்கினாள். நோய் நிற்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் சரோஜா போய்விட்டாள்.

உறுதிசெய்ய மூளையைப் பரிசோதிக்க வேண்டும் என்றார் மதுரை மருத்துவர். சம்மதம் எழுதிக் கொடுத்தேன். பிணவறையில் யாரும் தொட முன்வரவில்லை. வழக்கம்போலக் கொதிக்கவைத்தாலும் கருவிகளில் இந்த நோய்க்கூறு அழியாது. அவர்கள் பயம் நியாயமானது. சான்றிதழில் 'இருக்கலாம்' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லுக்குக் கீழே நான் மறுப்பில்லாமல் கையெழுத்திட்ட ஒரே காகிதம் அது.

இந்த நோய் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், சமைத்துப்போடுகிறவரை மருத்துவர் முன் உட்காரவையுங்கள். 'உங்களால் வரவில்லை' என்று மருத்துவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். மற்ற அலைச்சலில் பாதியை விட்டுவிடலாம்.

விழுங்குவது ஒரு வேலை என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. நாக்கு தள்ள வேண்டும், தொண்டை வாங்க வேண்டும், மூச்சு சற்று ஒதுங்கி வழிவிட வேண்டும். இப்போதெல்லாம் நான் சாப்பிடும்போது ஒரு வாய் முழுதாக இறங்கும்வரை அடுத்த வாயைப் பிசைவதில்லை. பேச்சியம்மாள் வரும் நாட்களில் எதிரே உட்கார்ந்து, "எம்புட்டு நேரம் மச்சான், கை காஞ்சு போச்சுல்ல" என்பாள்.

காயட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.