மில் வாசலில் நான் போட்ட சோற்று வழி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீடு ஒன்று கட்டினேன். செங்கல் சுமந்ததும் நானே. போலீஸ் லைன் குடியிருப்பில் தண்ணீர் இல்லையென்று எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தபோது கிணறு வெட்ட வைத்தேன். வெறும் பாறை என்றார்கள். பாறைதான், அதற்கடியில் தண்ணீர் இருந்தது. சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாகி, பென்ஷன் வாங்கிய பிறகு பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராகவும் நின்றேன். பி.ஏ. படித்த பையன்கள் என் முன்னால் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கோயமுத்தூர் மில் வாசலில் சோற்று வழி என்று ஒன்றைப் போட்டவன் நான். அதைத்தான் இன்று வேறொருவர் பெயரில் பாடமாக நடத்துகிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதுகளில் பீளமேட்டுப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக மில் எழும்பிக்கொண்டிருந்தது. பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சங்கு ஊதினால் ஓடுகிற ஆட்களாகிவிட்டார்கள். பிழைப்பு மாறியதே தவிர உண்ணும் முறை மாறவில்லை. மத்தியானம் வீட்டுப் பெண்கள் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவார்கள். அதை உட்கார்ந்தபடியே வாங்குவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுதான் உட்காருவோம். கொண்டுவருவது பெண்டாட்டியே ஆனாலும் அப்படித்தான்.

என் தங்கையை ஒரு மில் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். மில்லில் ஸ்டிரைக் வந்தது. மாப்பிள்ளை வாசலுக்கு எதிரே கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்திருப்பார். நான் வாசலை ஒட்டித் தடியோடு நிற்பேன். தங்கை ஒரே போசியில் இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவருவாள். அவர் உண்ட பிறகு என் பங்கு எனக்கு வரும்.

“சர்க்கார் சம்பளம் பத்தலைன்னு ஸ்டிரைக்காரன் ஊட்டுச் சோத்துக்கும் நிக்கறீங்களே மச்சான்” என்பார் மாப்பிள்ளை.

“பேசாம உண்ணுங்க மாப்பள. வாயில சோறு இருந்தாக் கோஷம் வராது. எனக்கும் வேலை மிச்சம்.”

“ஏனுங்கண்ணா, ரெண்டு கட்சிக்கும் நாந்தான் சோறாக்கறேன். ரெண்டு பேரும் எனக்குச் சலாம் வெச்சுப்போட்டுச் சண்டைக்குப் போங்க” என்பாள் தங்கை. சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். போலீஸ்காரர்களும் சிரிப்பார்கள்.

அந்த வாரம் மதராஸிலிருந்து புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். நன்றாகப் படித்தவர். வந்ததும் பெண்கள் வழக்கமாக வரும் சாலையை மறிக்கச் சொன்னார். சோற்று நேரம் ஆனது. ஒவ்வொருவராக வரவேண்டிய பெண்கள் மறிப்புக்கு அந்தப்பக்கம் சேர்ந்து நின்றுவிட்டு, கடைசியில் மில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மொத்தமாக நடந்து வந்தார்கள். அதாவது, எங்கள் முதுகுக்குப் பின்னால். இன்ஸ்பெக்டருக்கு அவர்கள் வருவது தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது மட்டும் தெரிந்தது.

“என்னய்யா, எல்லாரும் எழுந்துட்டானுங்க?”

“சோறு வாங்க எந்திரிக்கறாங்க ஐயா. வேறொண்ணுமில்லீங்க. திரும்பிப் பாருங்க” என்றேன்.

“சோத்துக்கு எவன்யா எழுந்து நிப்பான்? யார்கிட்டக் கதை சொல்றே?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விசில் ஊதினார்.

தடியடியில் சிதறிய கூட்டம் நாலா பக்கமும் ஓடியது. அதில் ஒரு பகுதி சுவரோரமாக வந்த பெண்கள்மேல் போய் விழுந்தது. நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது தங்கை சுவரோரக் கல்லில் தலை மோதிக் கிடந்தாள். போசி மட்டும் கையில் இருந்தது. மூடி திறக்கவில்லை. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “கண்ணு, கண்ணு” என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை அந்தப் போசியை என் முன்னால் வைத்தார்.

“உங்க பங்கு எடுத்துக்குங்க மச்சான்.”

அதற்குப் பிறகு அவர் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நான் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கூட்டம் தாக்குவதற்காக எழுந்தது என்று ரிப்போர்ட் போனது. சோறு வாங்க எழுந்தவர்கள் கலகக்காரர்கள் ஆனார்கள். நான் மேலதிகாரிகள் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புக்காரன் சொல்லை யார் கேட்பார்கள்? சரி, வாயால் சொன்னால்தானே நம்பவில்லை, கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தேன். எங்கள் சூப்பரிண்டெண்டான பெரிய துரை போலீஸ் லைனைப் பார்வையிட வந்த அன்று, அவரை மத்தியானம் வரைக்கும் அதைக் காட்டுகிறேன் இதைக் காட்டுகிறேன் என்று இழுத்து வைத்தேன். கான்ஸ்டபிள்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டுப் பெண்கள் போசியோடு வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

“இவங்களும் நம்மளத் தாக்கத்தான் எந்திரிக்கறாங்களான்னு துரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்று கூட இருந்த குமாஸ்தாவிடம் சொன்னேன். குமாஸ்தா எப்படியோ இங்கிலீஷில் சொன்னார். துரை அந்த ஸ்டிரைக் ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஸ்டிரைக்கில் சுவரோரமாகச் சுண்ணாம்புக் கோடு இழுக்க எனக்கு உத்தரவு கிடைத்தது. கோட்டுக்கு உள்ளே சோறு கொண்டுவரும் பெண்களைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது. சோற்று நேரத்தில் போலீஸ் தடியைக் கீழே ஊன்றிக்கொள்ள வேண்டும், கூட்டம் எழுந்தால் எழட்டும். நான் பணியில் இருந்த வரைக்கும் அந்த நேரத்தில் அந்த வாசலில் ஒரு அடி விழவில்லை. டவுனில் போலீஸ் வேலை என்பது தடி பிடிக்கத் தெரிவதல்ல, அந்த ஊர் மனிதன் எதற்கு எழுகிறான், எதற்கு உட்காருகிறான் என்று தெரிந்துகொள்வது. பயிற்சிப் பள்ளியில் நான் கத்திக் கத்திச் சொன்னதும் இதைத்தான்.

இப்போது அந்தப் பாடத்தை அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வாத்தியார் படித்துக் காட்டினார். சோற்று வழியைக் கண்டுபிடித்தவர் என்று விசில் ஊதிய அதே இன்ஸ்பெக்டரின் பெயர் இருக்கிறது.

அதை அடித்துவிட்டு எழுதச் சொல்கிறேன். என் பெயர் வாயில் நுழையாது என்றால் என் இடுப்புப் பட்டை நம்பரைப் போடுங்கள், போதும். கோடு போட்டவன் நான், அதை எழுதியே ஆகவேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு வரியும் எழுத வேண்டும். அன்றைக்குக் கூட்டம் எழுந்தது சோறு வாங்க. அந்தச் சோற்றைக் கொண்டுவந்தவள் என் தங்கை.